நட்புக் கணக்கும் ஒரு நாள் கடற்கரையும்

நவம்பர் மாதம் பிறந்தால் வங்கிக் கிளைகள் ஓய்வூதியர்களால் நிறைந்திருந்த காலம் ஒன்று உண்டு. உயிர்வாழ் சான்றிதழில் கையொப்பமிட வந்தவர்கள் அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டு, அதன்பின் ஒரு மணி நேரம் வாசலில் கிடந்த நீள பெஞ்சில் அமர்ந்திருப்பார்கள். அஞ்சல் துறையிலும் இரயில்வேயிலும் பள்ளிகளிலும் உடன் பணியாற்றியவர்கள் ஓராண்டுக்குப் பின் ஒருவரையொருவர் காணும் இடம் அதுவாகவே இருந்தது. யார் வரவில்லை என்பதை வைத்தே யாருக்கு உடல்நலம் குன்றியிருக்கிறது என்பதை அவர்கள் அறிந்துகொள்வார்கள். 2014ஆம் ஆண்டு நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணு உயிர்வாழ் சான்றிதழ் அறிமுகமானது. விரல்ரேகையைக் கொண்டோ, பின்னர் வந்த முக அடையாள முறையைக் கொண்டோ இன்று வீட்டிலிருந்தபடியே சான்றளித்துவிடலாம். நடக்க இயலாத முதியவர்களுக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த பெஞ்சு காலியாகிவிட்டது என்பதும் உண்மையே.

வங்கிச் சேவையில் வந்த ஒவ்வொரு வசதியும் இப்படித்தான். பணம் எடுக்கவும், மின்கட்டணம் செலுத்தவும், கணக்குப் புத்தகத்தில் பதிவிடவும் மக்கள் வீதிக்கு வந்தபோது, வழியில் நான்கு பேரைச் சந்தித்தார்கள். இப்போது அந்த வேலைகள் அனைத்தும் கைப்பேசியில் முடிந்துவிடுகின்றன. வேலை குறைந்தது, கூடவே, வேலையை ஒட்டித் தாமாக நிகழ்ந்த சந்திப்புகளும் குறைந்தன. அவற்றைத் திரும்பக் கொண்டுவர எந்த நிறுவனத்தாலும் இயலாது. இனிச் சந்திப்புகளை நாமேதான் நாள் குறித்து நிகழ்த்த வேண்டும். பழைய நண்பர் வாழும் ஊருக்கு அவரைக் காண்பதற்கென்றே சென்று, அவரோடு ஒரு முழு நாளைக் கடற்கரையில் கழிப்பதை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு குடும்பமும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே நாம் இங்கு முன்வைக்க விரும்பும் கருத்து.

வட்டி வரவு பரிவர்த்தனை ஆகாது

வாடிக்கையாளர்கள் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒரு சேமிப்புக் கணக்கில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வாடிக்கையாளர் தாமாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால், அது செயல்படாத கணக்கு என வகைப்படுத்தப்படும். இதைக் கேட்கும் பலர், "அதெப்படி? கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரவாகிக்கொண்டுதானே இருக்கிறது?" என்று வினவுவார்கள். வட்டி வங்கியின் கணினி தானாக வைக்கும் வரவு. வாடிக்கையாளர் முன்வந்து செய்த செயல் அன்று என்பதால் அது பரிவர்த்தனையாகக் கருதப்படுவதில்லை. பத்து ஆண்டுகள் அவ்வாறே கடந்தால், அந்தத் தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அதன் பிறகும் உரியவர் கோரிப் பெறலாம். ஆனால், அப்படியொரு கணக்கு இருப்பதை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் வேண்டுமே! பல வங்கிகளில் உரிமை கோரப்படாமல் கிடக்கும் தொகைகளை ஒரே இடத்தில் தேடுவதற்காக 2023ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்னும் இணையவாயிலைத் தொடங்க வேண்டியிருந்தது என்றால், மறதியின் அளவை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நட்புக்கும் இந்த விதி பொருந்தும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரே படத்தை இருநூறு பேருக்கு ஒருசேர அனுப்பும் வாழ்த்து, கணினி வைக்கும் வட்டி வரவைப் போன்றது. வரவு இருக்கிறது, ஆள் வரவில்லை. பிறந்தநாளன்று குழுவில் விழும் பூங்கொத்துப் படங்களும் அத்தகையனவே. ஒரு நண்பரைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. அவர் இப்போது இரவில் நன்றாக உறங்குகிறாரா, எந்த மருந்து உட்கொள்கிறார், அவருடைய பிள்ளை வேலைக்குச் சென்றுவிட்டானா, கடன் ஏதும் அவரை அழுத்துகிறதா என்று நம்மையே நாம் கேட்டுப் பார்க்கலாம். விடை தெரியாவிட்டால், அந்தக் கணக்கில் நெடுநாளாகப் பரிவர்த்தனை நடக்கவில்லை என்று பொருள்.

திருமண மண்டபம் போதாது

"நாங்கள்தான் திருமணங்களில் சந்தித்துக்கொள்கிறோமே" என்று சிலர் கூறலாம். திருமண மண்டபத்தில் என்ன நிகழ்கிறது? மேடைக்குச் செல்லும் வரிசையில் அரை மணி நேரம், பந்தியில் இடம் பிடிக்க அரை மணி நேரம், மேள ஓசைக்கு நடுவே "நலமா?" என்று உரத்த குரலில் ஒரு கேள்வி, "நலம்" என்று அதைவிட உரத்த குரலில் ஒரு விடை, அடுத்த பேருந்துக்கு நேரமாகிவிடுகிறது. துக்க வீட்டுச் சந்திப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே யாரைக் காணச் சென்றோமோ, அவரே இருப்பதில்லை.

அண்மைக் காலத்தில் பள்ளி, கல்லூரித் தோழர்களின் வெள்ளிவிழாக் கூட்டங்கள் பெருகியிருக்கின்றன. நல்லதே. ஆயினும் விடுதி அரங்கு, ஒரே நிறச் சட்டை, நினைவுப் பரிசு, ஒலிபெருக்கி, ஒளிப்படக்காரர் என்று அவை விழாக்களாகவே முடிந்துவிடுகின்றன. பங்குத் தொகை செலுத்த இயலாதவர் வருவதில்லை. வாழ்வில் சற்றுப் பின்தங்கிவிட்டதாக எண்ணுபவரும் வருவதில்லை. யாரை நாம் அவசியம் சந்திக்க வேண்டுமோ, அவரே அந்த ஒளிப்படத்தில் இல்லாமற்போகிறார். நாம் வலியுறுத்துவது நான்கைந்து பேர் மட்டும் கூடும் சிறு சந்திப்பு. அதற்கு மேடையும் தேவையில்லை, தலைமையுரையும் தேவையில்லை.

கடற்கரை ஏன்?

நண்பரின் வீட்டிலேயே அமர்ந்து பேசலாமே, கடற்கரை எதற்கு என்ற கேள்வி எழலாம். முதற் காரணம், வீடு என்பது எப்போதும் ஒருவருடைய வீடு. அங்கே ஒருவர் விருந்தினர், மற்றவர் விருந்தளிப்பவர். நாம் கூடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்த வீட்டுப் பெண்மணி அடுக்களையில் மூன்று வேளை உணவுக்கும் தனியே உழைத்துக்கொண்டிருப்பார். வீட்டின் அளவும், வாசலில் நிற்கும் வாகனமும், சுவரில் மாட்டிய பிள்ளைகளின் பட்டமளிப்புப் படமும் பேச்சுக்கு முன்பே எதையோ சொல்லிவிடுகின்றன. கடற்கரை மணலில் உதவிப் பொது மேலாளருக்கும், பணியிழந்து வீட்டில் இருப்பவருக்கும் ஒரே இருக்கைதான். நுழைவுக் கட்டணமும் பெரும்பாலான இடங்களில் இல்லை.

இரண்டாம் காரணம் சற்று நுட்பமானது. மேசையின் இருபுறமும் எதிரெதிரே அமரும்போது, நாம் ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொண்டே பேச வேண்டியிருக்கிறது. கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் அந்த அமைப்பில் எவ்வளவு தடுமாறுகிறார்கள் என்பதை இருபது ஆண்டுகளாக நாம் கண்டு வருகிறோம். கடற்கரையில் அனைவரும் ஒரே திசை நோக்கி அருகருகே அமர்கிறார்கள். கண்கள் அலையில் இருக்கின்றன. இடையிடையே மௌனம் வந்தாலும் அது யாரையும் உறுத்துவதில்லை. அலையோசை அதை நிரப்பிவிடுகிறது. முகம் பார்த்துச் சொல்ல இயலாத செய்திகள் அங்கேதான் வெளிவருகின்றன.

விசாகப்பட்டினத்தில் ஒரு நாள்

இதற்கு நாமே கண்ட சான்று ஒன்றைக் கூறலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் விசாகப்பட்டினத்தில் ஒரே கிளையில் பணியாற்றிய நால்வர் நாங்கள். பின்னர் மாறுதல்களில் நான்கு மாநிலங்களுக்குப் பிரிந்தோம். எங்களில் மூத்தவர் மட்டும் விருப்ப ஓய்வு பெற்று அவ்வூரிலேயே தங்கிவிட்டார். சென்ற குளிர்காலத்தில் மற்ற மூவரும் அவரைக் காண்பதற்கென்றே சென்றோம். சென்னையிலிருந்து ஓரிரவு இரயில் பயணம்.

விசாகப்பட்டினம் இத்தகைய சந்திப்புக்கென்றே அமைந்தது போன்ற ஊர். தெற்கே கடலுக்குள் நீண்டு நிற்கும் 'டால்பின் மூக்கு' மலை. அருகிலுள்ள இராமகிருஷ்ண மடத்தின் பெயரால் ஆர்.கே. கடற்கரை என்று வழங்கும் நீண்ட மணற்பரப்பு; அங்கிருந்து வடக்கே ருஷிகொண்டா வழியாக, கோஸ்தனி ஆறு கடலில் கலக்கும் பீமுனிப்பட்டினம் வரை கடலை ஒட்டியே செல்லும் சாலை. 1969ஆம் ஆண்டில் கடற்படையில் சேர்ந்து 2001ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற 'குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பல், 2002ஆம் ஆண்டு முதல் ஆர்.கே. கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதன் குறுகிய அறைகளுக்குள் குனிந்து சென்றுவந்தோம். "நமக்கும் ஓய்வுக்குப் பிறகு இப்படிக் கடற்கரையில் ஓர் இடம் கொடுத்தால் நன்றாக இருக்கும்" என்று ஒருவர் கூற, பகல் பொழுது சிரிப்பில் கழிந்தது. கரி அடுப்பில் வாட்டிய மக்காச்சோளக் கதிரும், அவ்வூரார் மூரி மிக்சர் என்றழைக்கும் பொரிக் கலவையுமே அன்றைய விருந்து.

கிழக்குக் கடற்கரையில் மாலைச் சூரியன் முதுகுப் பக்கம் மறையும். கடலின் நிறம் மெல்ல மாறிக்கொண்டிருந்தபோது, மூத்தவர் தாமாகவே பேசத் தொடங்கினார். அவருடைய துணைவியார் மறைந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அச்செய்தி எங்களுக்குத் தெரியும். தொலைபேசியில் துக்கம் விசாரித்திருந்தோம். பிறகு எப்போது அழைத்தாலும் "பாகுன்னாமு" என்று தெலுங்கில் ஒற்றைச் சொல்லில் நலம் கூறி முடித்துக்கொள்வார். அன்று அவர் கூறியது வேறு. துணைவியாரின் பெயரிலிருந்த வைப்புத்தொகையையும் சேமிப்புக் கணக்கையும் அவர் இன்னும் கோரவே இல்லை. நியமனதாரர் அவரேதான். கோரிக்கைப் படிவத்தைப் பலமுறை வாங்கி வந்திருக்கிறார். 'மறைந்த கணக்குதாரரின் பெயர்' என்ற இடத்துக்கு வரும்போது பேனாவை வைத்துவிடுவாராம். தம் பணிக்காலத்தில் அத்தகைய கோரிக்கைகள் எத்தனையோவற்றுக்குத் தாமே ஒப்புதல் அளித்தவர் அவர். இரண்டரை ஆண்டுகளாக அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருக்கும் மகளிடம்கூடச் சொல்லவில்லை.

நாங்கள் மூவரும் அறிவுரை ஏதும் கூறவில்லை. இருட்டும்வரை அவர் துணைவியாரைப் பற்றியே பேசினார், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை அவர் வீட்டு மேசையில் படிவத்தை விரித்தோம். அந்த ஒரு வரியை எங்களில் ஒருவர் எழுத, மற்றவற்றை அவரே நிரப்பிக் கையொப்பமிட்டார். நியமனதாரர் இருக்கும் கணக்கில் கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், நியமனதாரரின் அடையாள ஆவணம் ஆகியவையே முதன்மையாகத் தேவைப்படுபவை. உரிய ஆவணங்கள் கிடைத்த 15 நாள்களுக்குள் வங்கி கோரிக்கையைத் தீர்க்க வேண்டும் என்பது விதி. விதிகளெல்லாம் அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அவருக்குத் தேவைப்பட்டது அருகில் அமர மூன்று பேர். இருபது ஆண்டுகளில் எத்தனையோ முறை தொலைபேசியில் பேசியும் வெளிவராத செய்தி, ஒரு மாலைப் பொழுதில் வெளிவந்தது. நேரில் செல்வதன் பயன் யாது என்று கேட்போருக்கு எம்மிடம் இதைவிட வேறு விடை இல்லை.

பெண்களின் நட்பு

இவ்விடத்தில் மற்றொன்றையும் வற்புறுத்திக் கூற வேண்டும். ஆண்களின் நட்பு ஊர் மாறினாலும் ஓரளவு தொடர்கிறது. பெண்களின் நட்போ பெரும்பாலும் திருமணத்தோடு நின்றுவிடுகிறது. கல்லூரியில் மூன்றாண்டுகள் இணைபிரியாதிருந்த தோழியை, முகவரி மாறியபின் ஒருமுறைகூடக் காணாத இல்லத்தரசிகள் எத்தனையோ பேர். கணவரின் நண்பர்கள் குடும்ப நண்பர்களாகிறார்கள். மனைவியின் தோழியர் பழைய ஒளிப்படத் தொகுப்பில் தங்கிவிடுகிறார்கள். கணவர் நண்பரைக் காணச் செல்லும்போது உடன் அழைத்துச் செல்வது மட்டும் இதற்கு ஈடாகாது. ஆண்டில் இரண்டு நாள்கள் வீட்டுப் பொறுப்பைக் கணவரும் பிள்ளைகளும் ஏற்றுக்கொண்டு, தாயை அவர் தோழியின் ஊருக்கு அனுப்பிவைக்க வேண்டும். "வீட்டை யார் பார்ப்பது?" என்று அவரே தயங்குவார். அந்தத் தயக்கத்தைப் போக்கும் கடமை வீட்டிலுள்ள மற்றவர்களுடையது.

செலவும் திட்டமும்

பணம் ஒரு தடையென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இது பெருஞ்செலவுப் பயணம் அன்று. மாதம் 1,000 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பில் சேமித்தால், முதிர்வில் 12,000 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும். இருவர் இரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கை வசதியில் சென்று, எளிய விடுதியில் இரண்டு இரவுகள் தங்கித் திரும்ப இது பெரும்பாலான ஊர்களுக்குப் போதுமானது. இதற்கெனத் தனிநபர்க் கடனோ கடன் அட்டைத் தவணையோ வேண்டியதில்லை. அவ்வாறு செல்லும் பயணம் நண்பரைக் கண்ட மகிழ்ச்சியையும் கெடுத்துவிடும். 2024ஆம் ஆண்டு நவம்பர் முதல் இரயில் முன்பதிவுக் காலம் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஆகவே இரண்டு மாதங்களுக்கு முன் நாள் குறித்துக்கொண்டால் போதும். பள்ளி விடுமுறையையும் நீண்ட வார இறுதிகளையும் தவிர்த்தால், இடமும் கிடைக்கும், கடற்கரையும் அமைதியாக இருக்கும்.

எந்தக் கடற்கரை என்பது நண்பர் எங்கிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் வாசகர்களுக்கு ஜுஹுவும் கிர்காவ் சௌபாத்தியும் அருகிலேயே உள்ளன. கொல்கத்தா நண்பரைக் காணச் செல்வோர் அவரோடு புரிக்குச் செல்லலாம். ஒடிசாவின் சாந்திப்பூரில் கடல் தாழ்நீர் வேளையில் சுமார் ஐந்து கிலோமீட்டர் வரை உள்வாங்கிச் செல்லும் காட்சியையும் காணலாம். கோழிக்கோட்டு நண்பரோடு, 1498ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா வந்திறங்கிய காப்பாடு கடற்கரையில் அமரலாம். தூய்மைக்கும் பாதுகாப்புக்குமான பன்னாட்டு நீலக்கொடிச் சான்று 2020ஆம் ஆண்டில் முதன்முறையாக நம் நாட்டின் எட்டுக் கடற்கரைகளுக்குக் கிடைத்தது. காப்பாடும், ருஷிகொண்டாவும், புரியின் பொற்கடற்கரையும் அவற்றுள் அடங்கும்.

கடலிடம் கவனம் வேண்டும். அமர்வதற்கும் நடப்பதற்கும் கடற்கரை. அறியாத கடலில் நீந்துவது வேறு செய்தி. சிவப்புக் கொடி நட்ட இடத்தில் இறங்கவே கூடாது. மேற்குக் கடற்கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் சீற்றம் மிகுந்திருக்கும். கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கைகளைக் கவனிக்க வேண்டும். புரியில் கூம்புத் தொப்பி அணிந்த நூலியா மீனவர்கள் நீராடுவோரின் கைபிடித்து உதவுவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்பது நலம். கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால், நேரே கரைக்கு வரப் போராடிக் களைத்துவிடாமல், மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த வல்லவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி நீரோட்டத்தைவிட்டு விலகலாம். முதியவர்கள் உடன் வந்தால் மடக்கு நாற்காலி, குடிநீர், வேளை மருந்து ஆகியவற்றை மறவாது எடுத்துச் செல்ல வேண்டும். கொண்டுசென்ற நெகிழிப் பொருளைத் திரும்ப எடுத்து வருவது அந்த ஊருக்கு நாம் காட்டும் மரியாதை.

நாள் குறியுங்கள்

வைப்புத்தொகை முதிர்வடையும் நாளை வாடிக்கையாளர்கள் மறப்பதில்லை. காப்பீட்டுத் தவணைக்கும் வருமானவரிப் படிவத்துக்கும் கடைசி நாள் இருக்கிறது. ஆகவே அவை உரிய நேரத்தில் நடந்துவிடுகின்றன. நண்பரைக் காணும் பயணத்துக்கு அப்படியொரு நாள் விதிக்கப்படவில்லை என்பதே அது தள்ளிப்போவதற்குக் காரணம். மகளின் தேர்வு முடியட்டும், வீட்டுக் கடன் முடியட்டும், பணி ஓய்வு வரட்டும் என்று காத்திருப்பவர்கள், மறுபுறம் இருப்பவருக்கும் வயதாகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கும்போது கால்களில் வலுவும் உண்டு, காண வேண்டியவர்களும் உண்டு.

வாசகர்களை நாம் வேண்டுவது இதுதான். பத்து ஆண்டுகளாக நேரில் காணாத ஒருவரின் பெயரை இன்று ஒரு தாளில் எழுதுங்கள். மாலையில் அவரை அழையுங்கள். "ஒரு நாள் வருகிறேன்" என்று கூறாதீர்கள். அவர் அதைப் பலமுறை கேட்டிருப்பார். "ஜனவரியில் எந்தச் சனிக்கிழமை உங்களுக்கு ஒழிவு?" என்று கேளுங்கள். அவர் ஒரு தேதியைச் சொன்னதும், அதை நாள்காட்டியில் குறித்துக்கொண்டு, முன்பதிவு தொடங்கும் நாளிலேயே பயணச்சீட்டை எடுத்துவிடுங்கள்.